செல்போன் கவரில் ஒரு சிவப்புக் கல்

சாலையில் கிடந்த பொருளை எடுத்தவர், உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். கிடைத்தால் ஒப்படைக்க வேண்டும். சட்டம் அதுதான். பணிக்காலம் முழுவதும் விதிகளைச் சொல்லியே எல்லோரையும் வதைத்து ஓய்வு பெற்ற நான், 2006-ல் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் அந்தச் சட்டத்தைத் தினமும் மீறிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எனக்கு நாள்தோறும் நிரூபித்தாள். வலது கை விரல்கள்தான் மடங்க மறுத்தன. பயிற்சி கொடுக்க வந்த பெண், கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடச் சொன்னார். விட்டுவிட்டால் விரல்கள் இறுகிப்போகும் என்றும் எச்சரித்தார். மனைவி சில நாளிலேயே கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"இங்கேருந்து அங்கே, அங்கேருந்து இங்கே. உங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்."

சிதறிய கடலையை நான்தான் பொறுக்கினேன்.

ஒரு நாள் காலை, தன் புடவையிலிருந்து உதிர்ந்த ஜமிக்கி ஒன்றை அந்த மடங்காத விரல்களால் என் செல்போனின் பிளாஸ்டிக் கவரில் ஒட்டப் போராடிக்கொண்டிருந்தாள். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. ஆனால், ஜமிக்கி ஒட்டிக்கொண்டது.

"இன்னும் ஏதாவது கொண்டு வாங்க. கடையில வாங்காதீங்க, அதுல என்ன சுவாரசியம்? கீழே கிடக்கறதா பாருங்க" என்றாள்.

அன்றிலிருந்து என் நடைப்பயிற்சி தலை குனிந்தே நடந்தது. வளையல் துண்டு, சட்டைப் பொத்தான், கொலுசு மணி என்று பொறுக்கினேன். பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மா இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், டெய்லி தேடிக்கினே போற? எதுனா தொலச்சிட்டியா?"

காரணத்தைச் சொன்னேன். மறுநாளே, உதிர்ந்த பாசிமணிகளை ஒரு வாழையிலைத் துண்டில் மடித்து எனக்காக வைத்திருந்தார்.

பழைய சகாக்களின் கூட்டத்தில் செல்போன் ஒலித்தது. "என்னய்யா இது, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை ஜோடிச்ச மாதிரி?" என்றார் ஒருவர். "மாடு நான்தான் சார். அலங்காரம் மட்டும் செல்போனுக்கு" என்றேன்.

கவரின் நடுவில் அரிசி அளவில் ஒரு சிவப்புக் கல். நிறுத்தத்தின் ஓரம், மண்ணில் கிடைத்தது. இடது கையின் உதவியில்லாமல், கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவள் முதன்முதலில் எடுத்து வைத்தது அதைத்தான். அன்று அவள் முகத்தில் வந்த கர்வத்தை நான் வெகுநாள் பார்த்திருக்கவில்லை.

கவர் நிறைந்ததும் பூக்காரம்மாவிடம் காட்டினேன். அவர் விரல் அந்தக் கல்லில் நின்றது.

"ஐய, இது எங் கம்மலு கல்லு சார்! இங்கதான் வுழுந்துச்சு." காதைத் திருப்பிக் காட்டினார். கம்மலில் ஒரு சின்னக் குழி.

உரியவர் கிடைத்துவிட்டார், விதியில் சந்தேகமே இல்லை. நகத்தால் கல்லைப் பெயர்க்கத் தொடங்கினேன், மனம் ஒப்பாமல். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேஜார் பண்ணாத சார். இன்னா வைரமா அது, கவரிங்கு. அக்கா கஷ்டப்பட்டு ஒட்டிகீது. கையி நல்லாவட்டும், வுடு."

வீட்டில் சொன்னேன். மனைவி வலது ஆள்காட்டி விரலால் அந்தக் கல்லைத் தடவினாள். "இனிமே கை வரலைன்னா அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றாள்.

மார்க்கெட்டிலிருந்து, என்ன காய் வேண்டும் என்று நான் அனுப்பும் குறுஞ்செய்திக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவள் பதில் போட்டதே இல்லை. இடது கையால் அழைத்துப் பேசிவிடுவாள். ஆடி மாதத்தில் ஒரு நாள், தாம்பரம் மார்க்கெட்டில் வழக்கம்போல் கேட்டுவிட்டு அழைப்புக்காகக் காத்திருந்தேன். வந்தது குறுஞ்செய்தி. ஆங்கில எழுத்துகளில் தமிழ்: 'கத்ரிகா வேணா. பூ வாங்கு.'

மணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் என்னை 'வாங்கு' என்று சொன்னதில்லை. 'ங்க' போடுவதற்குள் விரல் ஓய்ந்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் பூக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"வாங்குன்னுதா? அப்போ கை வந்துட்ச்சு சார்!" என்று முழம் போடாமல் அள்ளிக் கொடுத்தார்.

என்னிடம் வந்த எத்தனையோ கடிதங்களுக்கு மரியாதை விகுதி எண்ணிப் பார்த்தவன் நான். அது இல்லாமல் வந்த அந்த ஒன்றைத்தான் இன்றும் மனத்தில் கோப்பிட்டு வைத்திருக்கிறேன். பதில் பெறப்பட்ட நாள்: 2006, ஆடிப்பெருக்கு.