மூச்சுக் கேட்ட கை

இது நிஜமாக நடந்தது. எனக்கே நடந்தது, புலாவ் ஹந்து தீவில். மலாயில் ஹந்து என்றால் பேய். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு சிரிக்க மாட்டீர்கள்.

என் பெயர் ஹனீன். செங்காங்கில் வீடு, தேக்கா பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை. சனிக்கிழமை இரவானால் கேமராவோடு கடலுக்கு அடியில் இருப்பேன். பகலில் பவளப் பாறைக்குள் ஒளிந்திருக்கும் இறால், நண்டு, விரல் நுனி அளவு கடல் நத்தை எல்லாம் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். ஆனால் குழுவாகப் போனாலும் தனியாக இறங்க முடியாது, ஜோடியாக ஒருவர் வேண்டும். அன்று ஜோடி கிடைக்காமல், அக்காவான என்னை "லாத்தா" என்று கூப்பிடும் என் தம்பி ரமீஸை இழுத்துக்கொண்டு போனேன். இரவில் இறங்குவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. "அவன நான் பத்திரமா பாத்துக்குறேன்மா" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஏழரை மணிக்குக் குழுவோடு படகிலிருந்து இறங்கினோம். எதிர்த் தீவில் எண்ணெய் ஆலை விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. தண்ணீருக்குள் வெளிச்சமே இல்லை. நம் கடல் எப்போதும் கலங்கல்தான், கையை நீட்டினால் விரல் தெரியும், அவ்வளவுதான். என் தம்பி எனக்குப் பின்னால் ஒரு மங்கலான டார்ச் வெளிச்சம். நான் டார்ச்சால் வட்டம் போடுவேன், அவனும் பதிலுக்கு வட்டம் போடுவான். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

ஒரு நீலக் கடல் நத்தை கிடைத்தது. கேமராவைத் தூக்கிவிட்டால் எனக்கு உலகமே மறந்துவிடும். யாரோ காலைத் தட்டியது மாதிரி இருந்தது. திரும்பாமலே விரலால் ஓகே காட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். வெளிச்சம் அங்கேயே இருந்தது. வட்டம் போட்டேன்.

பதில் வட்டம் வந்தது. ரொம்ப மெதுவாக...

வெளிச்சம் கிட்டே வந்தது. என் கண்ணில் நேராக அடித்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. தொண்டைக்குக் குறுக்கே கத்தி போல இழுத்துக் காட்டியது.

காற்று தீர்ந்துவிட்டது!

எங்கள் எல்லோர் நெஞ்சிலும் மஞ்சள் குழாய் ஒன்று தொங்கும். நம் முதுகுச் சிலிண்டரிலிருந்து அடுத்தவருக்கு மூச்சுக் கொடுப்பதற்கென்றே உள்ளது. யார் கேட்டாலும் யோசிக்காமல் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அந்தக் கை என் இடது கையைப் பிடித்துக்கொண்டது. சில்லென்று இருந்தது. பயந்துவிட்டான் பாவம் என்று நினைத்தேன்.

ஏறத் தொடங்கினோம்.

உஸ்ஸ்ஸ்ஸ்...

மஞ்சள் குழாய் காற்றை இழுக்கிற சத்தம். நடுவில் நிற்கவே இல்லை. காற்று அளக்கும் மீட்டரைப் பார்த்தேன். நூறு. மறுபடி பார்த்தேன். அறுபது.

மேலே போன குமிழிகள் என்னுடையவை மட்டும்தான்.

அவன் உள்ளே இழுக்கிறான்... வெளியே விடவில்லை.

ஏறும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். ரமீஸ்! கையைப் பிடித்து உலுக்கினேன். விடு... மூச்சை விடுடா...

உஸ்ஸ்ஸ்ஸ்...

முப்பது.

பத்து.

தலை வெளியே வந்தது.

"லாத்தா! இங்க!"

படகின் ஏணியில் ரமீஸ். துண்டு போர்த்தியிருந்தான். எனக்காகக் கையை நீட்டினான்.

என் இடது கை...

தண்ணீருக்குள் அதை இன்னும் யாரோ பிடித்திருந்தார்கள்.

அலறினேன். பிடி இறுகியது. பிறகு விட்டது.

"எப்படா மேல வந்தே?"

"அப்பவே லா. டார்ச் அணைஞ்சிருச்சு. உங்க காலைத் தட்டினேன், ஓகே காட்டினீங்களே லாத்தா!"

எங்கள் குழுவை அழைத்துவந்த சிவானி தலைகளை எண்ணினாள். எல்லோரும் எப்போதோ ஏறியிருந்தார்கள். அன்று அங்கே வேறு படகே இல்லை. நான் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் உயிரோடு இருந்தான், எனக்கு அது போதும்.

மூன்று நாள் கழித்து சிவானி போன் செய்தாள். என் சாமான்களை அவள்தான் கழுவ எடுத்துப் போயிருந்தாள்.

"ஹனீன், மஞ்சள் குழாய யாருக்காச்சும் இரவல் கொடுத்தியா?"

"ஏன்?"

"வாய்ல கடிக்கிற ரப்பர் பிஞ்சு போயிருக்கு. அன்னிக்குக் காலையிலதான் நான் புதுசு மாட்டினேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அது பரவால்ல..." அவள் குரல் இறங்கியது. "பல் தடம் ஒரே ஆளோடது இல்ல. பெரிய பல் இருக்கு. ஓட்டப் பல் இருக்கு. சின்னப் பிள்ளைங்க பல்லுகூட இருக்கு. ஏழெட்டுப் பேராச்சும் கடிச்சிருக்காங்க."

போனை வைத்துவிட்டு ரமீஸின் அறையை எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். டார்ச் அணைந்த பிறகு அத்தனை பேருக்கும் நடுவில்தான் என் தம்பி இருட்டில் தனியாக மேலே ஏறி வந்திருக்கிறான். அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.