தோலுரிந்த மனிதனின் வலக்கை

இத்தாலியின் போலோனியா நகரில் குண்டு விழுந்த மறுநாள் காலை, அர்ஜியா ஒரு மாவுச் சாக்கை எடுத்துக்கொண்டு விறகு பொறுக்கப் போனாள். 1944, ஜனவரி கடைசி. நிலக்கரியைக் கண்ணால் பார்த்தே இரண்டு மாதமாகியிருந்தது. டிராம் ஓட்டும் அவள் கணவன் நெல்லோ காய்ச்சலில் முடங்கிக் கிடந்தான்.

அர்ஜியாவுக்கு வயது முப்பத்தொன்று, தொழில் தையல். குடியிருந்தது பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பின்சந்தில். குண்டு விழுந்ததும் அந்தக் கட்டடத்தின் மேல்தான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் மாணவர்களைச் சுற்றிலும் உட்காரவைத்து, நடுவில் சலவைக்கல் மேசைமேல் பிணத்தை அறுத்துக் காட்டிய மண்டபம் ஒன்று அங்கே இருந்தது. சுவரும் மரம், கூரையும் மரம். ஆசிரியர் ஆசனத்துக்கு இரு பக்கமும், தோலில்லாமல் தசையும் நரம்புமாகச் செதுக்கிய இரண்டு மர மனிதர்கள் நின்றிருந்தார்கள். இப்போது எல்லாம் செங்கல்லோடு சேர்ந்து ஒரே குவியல். சந்தே திரண்டு வந்து அள்ளிக்கொண்டிருந்தது. குளிரில் யார் யாரைக் குறை சொல்வது?

வீட்டுக்கு வந்து மூன்று தேவதாருப் பலகைகளை அடுப்பில் வைத்தாள். சமையலறை முழுக்கக் கோயில் மாதிரி மணத்தது. நான்காவதாகச் சாக்குக்குள் கையை விட்டபோது இன்னொரு கை அவள் கையைத் தொட்டது.

முழங்கையிலிருந்து விரல்வரை ஒரு மரக்கை. அர்ஜியா அதை ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக எத்தனையோ கைகளுக்குச் சட்டை தைத்திருக்கிறாள். ஒரு கையின் உள்ளே தசையும் நரம்பும் இப்படிப் பின்னல் பின்னலாக ஓடுகிறதென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அதையும் போடுடி, கால் விறைக்குது," என்றான் நெல்லோ போர்வைக்குள்ளிருந்து.

"இது கையய்யா."

"கட்டைதானே?"

"கட்டைதான். நீ மட்டும் என்ன, கட்டை மாதிரிதான் கிடக்கிற. உன்னை அடுப்பிலயா வெச்சேன்?"

நெல்லோ இருமிக்கொண்டே சிரித்தான். கையைத் துணிப்பெட்டியில், ஒரு பழைய பாவாடைக்குள் சுற்றிவைத்தாள். எரிந்துகொண்டிருந்த பலகைகளை வெளியே இழுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இழுக்கவில்லை.

போர் முடிந்து, மண்டபத்தைத் திரும்பக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. இடிபாட்டில் மிஞ்சியதைப் பெட்டி பெட்டியாக எடுத்துவைத்திருக்கிறார்களாம். அர்ஜியா பாவாடைச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

தச்சர்களுக்குத் தலைவர் மெதார்தோ. மரத்தூள் படிந்த மீசை, எரிச்சல் பிடித்த மனுஷன். கையைப் பார்த்ததும் சட்டென்று வாங்கிக்கொண்டார். பிறகு அவசரமாக, தோலில்லாத மர மனிதர்களில் ஒருவனின் உடம்பை நிமிர்த்தி, அதன் முறிந்த முழங்கையில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. உளியை எடுத்தார்.

"ஐயா, வெட்டிடாதீங்க! அது வலது கை. நீங்க இடது பக்கம் வைக்கிறீங்க."

"நாப்பது வருஷமா மரம் செதுக்கறேன். எனக்குச் சொல்லித் தர்றியாம்மா?"

"மரம் எனக்குத் தெரியாதுங்க. கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கணும்னு தெரியும். இது அந்த இன்னொரு ஆளோட கை. அவன் தோளைப் பாருங்க, முன்னால சாஞ்சிருக்கு."

மெதார்தோ முணுமுணுத்தபடி அடுத்த உடம்பில் வைத்தார். முறிந்த விளிம்பும் முறிந்த விளிம்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. அவர் உளியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?" என்றார் கடைசியில்.

அப்படித்தான் அவள் துண்டு பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இலையும் பூவும் மூக்கும் முட்டியுமாக ஆயிரக்கணக்கான சில்லுகள். வெட்டிய துணியை மேசையில் பரப்புவதுபோலப் பரப்பி, இழை ஓடும் திசை பார்த்து இணை சேர்த்தாள். இரண்டு மாதத்தில் ஒன்று புரிந்தது: பாதித் துண்டுகள் பெட்டியில் இல்லை, சந்து வீடுகளில் இருக்கின்றன.

"போலீஸை அனுப்பலாமா?" என்றார் மெதார்தோ.

"அனுப்புங்க. ராத்திரிக்குள்ள எல்லாம் சாம்பலாயிடும்."

அவளே வீடு வீடாகப் போனாள். கதவு திறந்ததும் முதல் பேச்சே, "நான் மூணு பலகை எரிச்சேன், நீங்க எத்தனை?" என்பதுதான். திருடியவளைப் பார்த்துத் திருடியவர்களுக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. ரொட்டிக்காரர் அலமாரித் தட்டைக் கழற்றிக் கொடுத்தார். ஒருவர் கோழிக்கூண்டிலிருந்து ஒரு செதுக்குப் பூவைப் பிடுங்கித் தந்தார். சிலர் அடுப்பைக் காட்டித் தலைகுனிந்தார்கள்.

மாடிவீட்டு எர்சிலியா, கணவனை இழந்தவள், வாய்க்காரி. அவள்தான் மசியவில்லை.

"என்கிட்ட ஒண்ணுமில்ல. ஒரு முழங்கால் இருந்துச்சு, ரெண்டு நாள் பீன்ஸ் வேகவெச்சேன். நல்லாத்தான் வெந்துச்சு."

"அக்கா, உங்க தொப்பி எதுமேல இருக்கு?"

கட்டில் பக்கத்தில், எர்சிலியாவின் கறுப்புத் தொப்பிக்கடியில் மரத்தாடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மண்டபச் சுவரில் வரிசையாக இருந்த பழைய மருத்துவர்களில் ஒருவருடைய தலை.

"அடியே, இவரைக் கேக்காதே," என்று எர்சிலியா குறுக்கே வந்து நின்றாள். "மூணு வருஷமா நான் சொல்றதையெல்லாம் எதிர்த்துப் பேசாமக் கேக்கற ஒரே ஆம்பளை இவருதான்."

"உடம்பு அங்க தலையில்லாம நிக்குதுக்கா."

"என் புருஷனும் அப்படித்தான் இருந்தான். யாரு வருத்தப்பட்டா?"

அர்ஜியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எர்சிலியாவும் சிரித்து, சிரிப்பிலேயே கண் கலங்கி, தொப்பியை எடுத்தாள். தலையைத் துண்டால் துடைத்தாள். "ஞாயித்துக்கிழமை வந்து பார்க்க விடுவீங்களான்னு அந்த மீசைக்காரன்கிட்ட கேளு. காசு வாங்காம."

மெதார்தோ விட்டார். ஞாயிறுதோறும் எர்சிலியா வந்து, தலைக்கு எதிரில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, ஊர்வம்பு முழுவதையும் அதனிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

வேலை வருஷக்கணக்கில் நடந்தது. மண்டபம் திறந்த அன்று பழைய பலகை கறுத்தும் புதுப் பலகை வெளுத்தும் சுவர் திட்டுத்திட்டாக இருந்தது. பெரிய மனிதர்கள் பேசினார்கள், தச்சர்களுக்கு நன்றி சொன்னார்கள். அர்ஜியாவின் பெயரை யாரும் சொல்லவில்லை. மெதார்தோ மட்டும் அவளைக் கூட்டத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசை பெஞ்சில் உட்காரவைத்தார். நெல்லோவுக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்து ஒரு தேவாலய வேலைக்கும் வரச்சொல்லிக் கேட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "உசிருள்ள ஆளுங்களுக்குத் தைக்கணும் ஐயா. அவங்கதான் சரியா இருக்கா இல்லையான்னு சொல்வாங்க."

அந்த இலையுதிர்காலத்திலேயே வளைவுகள் தாங்கிய கூரை நடைபாதையில் சின்னதாய் ஒரு தையல்கடை பிடித்தாள். பெயர்ப்பலகை மாட்டிய நாள் மழை. நெல்லோ ஏணியில் நின்று ஆணி அடித்தான். கீழேயிருந்து அவள், "வலது பக்கம் கொஞ்சம் இறக்கு, இன்னும் கொஞ்சம்," என்றாள். அவன் இறக்கினான். பிறகு இருவரும் முனைக் கடைக்குப் போய், ஆவி பறக்கும் சாற்றில் மிதக்கும் தொர்தெல்லினி, கறி பொதிந்த குட்டிக் கொழுக்கட்டைகள், சாப்பிட்டார்கள். அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.