டிரம்மரின் முக்காலி

கெயில் ஸ்டேதர்ஸ் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினாள். அதற்கு முன் ஆறு வருடம் டிரம்ஸ் வாசித்தாள். ‘ஸ்லோ ஃபெர்ரீஸ்’ என்று மூன்று பேர் கொண்ட குழு. நெவ் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பான், கிளைவ் பேஸ் கிட்டார். இரண்டு ஆல்பம் போட்டார்கள். நான்கு முறை வானொலியில் வாசித்தார்கள். பெல்ஜியத்தில் ஒரு தடவை பதினோரு பேருக்கு முன்னால் வாசித்தார்கள். அதில் மூன்று பேர் அடுத்து மேடையேற வேண்டியவர்கள்.

தொண்ணூற்று இரண்டு நவம்பரில் ஒரு நீண்ட சுற்றுப்பயணம் முடிந்து, வேன் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. “ரெஸ்ட் எடு, நான் ஃபோன் பண்றேன்” என்றான் நெவ். பண்ணவில்லை. கிறிஸ்துமஸ் போனது, பனி போனது. மே மாதம் அவள் பஸ் ஓட்டும் வேலைக்கு விண்ணப்பித்தாள்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது என்பதுதான் உண்மை. மேல்தளத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூத்தடிக்க, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டியபடி ஆற்றோரமாக ஓட்டிப் போவாள். அந்தத் தடத்தில்தான் மார்ட்டின் தினமும் ஏறினான். மூன்றாவது வருடம் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். போன கோடையில் ஓய்வு பெற்றபின் நகராட்சியிடம் குத்தகைக்கு எடுத்த தோட்டத் துண்டில் வெங்காயமும் பீன்ஸும் போட்டாள். யார்மேலும் அவளுக்குக் குறை இல்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. என்னை ஏன் கழற்றிவிட்டார்கள்? லெஸ்டர் நகர நிகழ்ச்சியில் தாளத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டோமோ? வேனில் ஏதாவது சொல்லிவிட்டோமோ? இத்தனை வருடத்தில் நெவ்வை சூப்பர் மார்க்கெட்டிலும் ஒரு சாவு வீட்டிலும் பார்த்திருக்கிறாள். மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள். ஒருவனைச் சங்கடத்தில் நிறுத்துவதைவிட முப்பது வருடம் சும்மா இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

இந்த ஏப்ரலில் நெவ்விடமிருந்து ஃபோன் வந்தது. ஷெஃபீல்டில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி அவர்களுடைய முதல் ஆல்பத்தை மறுபடியும் வெளியிடுகிறதாம். கூட வரும் புத்தகத்துக்குப் பன்னிரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார்களாம். மூன்று பேரும் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். நெவ் வீட்டில் சமையலறையை இடித்துப் போட்டிருந்ததால், “என் தோட்டத்துக்கு வாங்க” என்றாள் கெயில். அன்றைக்குக் கேட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். வீடு வீடாகக் கார்ப்பெட் பதிக்கும் வேலையில் முழங்கால் தேய்ந்த நெவ், மெதுவாக நடந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கிளைவ், சூடான உருளைக்கிழங்கு பேட்டீஸும் சிப்ஸும் பொட்டலமாகக் கொண்டு வந்தான். நெவ் கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். கெயில் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தாள். வெங்காயம் நடும்போது அவள் உட்காரும் முக்காலி கிளைவுக்குப் போனது.

“முதல் கேள்வி,” என்று நெவ் கண்ணாடியை மாட்டினான். “உங்கள் இசையில் கடலின் தனிமை ஒலிக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?”

“ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரு,” என்றான் கிளைவ்.

“அப்படியே எழுதட்டுமா?”

“எழுதுப்பா. உண்மைதானே.”

சிப்ஸ் தீரும்வரை இப்படியே போனது. மறக்க முடியாத நாள் எது என்பதற்கு நெவ் வானொலியைச் சொன்னான். கிளைவ், வேன் பழுதாகி ஒரு பண்ணையில் ஆட்டுக்குட்டி பிறந்ததைப் பார்த்த நாளைச் சொன்னான். “பாட்டுல ஒரு நாளும் உனக்கு ஞாபகம் இல்லையாடா?” என்றாள் கெயில். “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆட்டுக்குட்டி அளவுக்கு இல்ல.”

ஏழாவது கேள்வி வந்ததும் நெவ் படிப்பதை நிறுத்தினான். தாளை மடித்தான், பிரித்தான். “இத விட்டுருவோமா?”

“என்ன கேள்வி?”

“கெயில் குழுவை விட்டு விலகியது ஏன்?”

அவளுக்குக் காது சூடானது. “விலகினதா? நானா? நெவ், நீ ஃபோன் பண்றேன்னு சொன்ன. அஞ்சு மாசம் ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். என்னத்துக்கு என்னைக் கழட்டி விட்டீங்க? நான் கோவிச்சுக்க மாட்டேன். தெரிஞ்சா போதும்.”

கிளைவ்தான் பேசினான்.

“ஏம்மா, நீதானே போன? அடுத்த வாரம் ஒத்திகை ரூமைத் திறந்தா உன் முக்காலியக் காணோம்.”

அவர்களுடைய டிரம்ஸ் மூவரும் சேர்ந்து வாங்கியது. முக்காலியும் குச்சிகளும் மட்டும் அவளுடையவை. எந்தக் குழுவிலும் அப்படித்தான்; டிரம்மர் முக்காலியை எடுத்துப் போனால் போய்விட்டார் என்று அர்த்தம், கடிதம் தேவையில்லை.

கெயில், கிளைவ் உட்கார்ந்திருந்த முக்காலியை நோக்கி விரலை நீட்டினாள். “அதோட ஒரு கால் ஆடிச்சு. வேன்லருந்தே கையோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எங்கப்பா வெல்டு வச்சுத் தர்றேன்னாரு.”

கிளைவ் எழுந்து முக்காலியைக் கவிழ்த்துப் பார்த்தான். சேற்றுக்கு அடியில் ஒரு காலில் தடித்த வெல்டிங் தழும்பு. இருக்கையின் அடியில் அந்தக் காலத்தில் அவனே ஒட்டிய சிவப்பு டேப்.

“அடப்பாவிகளா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றாள் கெயில்.

“போகணும்னு முடிவு பண்ணினவள எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு...” நெவ் தாளை மறுபடியும் மடித்தான். “நீ கேட்டிருக்கலாமே?”

“வேண்டாம்னு சொன்னவங்கள எதுக்குச் சங்கடப்படுத்தறதுன்னு...”

முதலில் சிரித்தது கிளைவ். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். கெயிலுக்குச் சிரிப்போடு கண்ணும் வழிந்தது. கையுறையால் துடைத்து முகமெல்லாம் மண்ணாக்கிக்கொண்டாள்.

“வேற டிரம்மர் ஏன் வைக்கல?” என்று கேட்டாள்.

“டிரம் மெஷின் ஒண்ணு வாங்கினான் இவன். ஒரே வாரத்துல திருப்பிக் குடுத்துட்டான்,” என்றான் கிளைவ்.

“அது என்கூட சண்டையே போடல,” என்றான் நெவ். “உன் இடத்துல யாரையும் உக்கார வைக்கத் தோணல, கெயில். அப்படியே விட்டுட்டோம். நாங்க கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?”

“ஓடி வந்திருப்பேன்.” அவள் யோசித்தாள். “மார்ட்டின் வேற யார் பஸ்ஸுலயாவது ஏறியிருப்பான். வெங்காயம் கடையில வாங்கியிருப்பேன். நஷ்டம்னு சொல்ல முடியல நெவ். நீங்க துரத்தலன்னு தெரிஞ்சுதே, அது போதும். ஏழாவதுக்கு எழுது: விலகவில்லை. முக்காலி ரிப்பேருக்குப் போயிருக்கிறது.”

நெவ் எழுத்தெழுத்தாக எழுதினான். மீதி ஐந்து கேள்விகளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தூறல் ஆரம்பித்தது. நெவ் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். “என் மாமன் மகன் பட்டறைல நம்ம டிரம்ஸ் இன்னும் இருக்கு. ஒரு நாள் மூணு பேரும்... சரி, நான் ஃபோன் பண்றேன்.”

“பண்ணாதே. இப்பவே சொல்லு,” என்றாள் கெயில்.

“செவ்வாய்க்கிழமை?”

“எத்தனை மணிக்கு?”

“மூணு.”

கிளைவ் முக்காலியைத் தூக்கிக் கார் பக்கம் நடந்தான். கெயில் எட்டிப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

“இன்னும் ரெண்டு வரிசை வெங்காயம் நடணும். நானே கொண்டு வரேன். அங்க வந்து பாத்து இது இல்லன்னா, நீங்களா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. ஃபோன் பண்ணிக் கேளுங்க.”