காரணம் சொல்லாத புதன்கிழமை

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் அரசியல் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு 'சுதந்திரம் என்றால் என்ன?' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு மூன்று வாரம் பேசுவேன். தடை இல்லாமல் இருப்பதா, தன்னைத் தானே ஆள்வதா, தேர்ந்தெடுக்க வழி இருப்பதா என்று பிரித்துப் பிரித்துச் சொல்வேன். நன்றாகத்தான் சொல்வேன். அந்தப் பாடத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. போன புரட்டாசியில் வந்தது அந்தக் கர்வத்துக்குக் கேடு.

எங்களுக்கு முக்கால் ஏக்கர் வயல் இருக்கிறது. அடுத்தவர் வயல்களில் முப்பது வருடம் நடவு நட்ட என் அம்மாவின் பெயரில், என் சம்பளத்தில் வாங்கியது. அம்மாவுக்கு இப்போது முழங்கால் மடங்காது. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த ஒரு கோஷ்டிதான் எங்களுக்கு வழக்கமாக நட்டுத் தரும். புதன்கிழமை நடவு என்று பேச்சு. நாற்றுக்கு ஏற்கெனவே முப்பது நாள் தாண்டிவிட்டது. இன்னும் விட்டால் முத்திப்போகும், நட்டாலும் தூர் கட்டாது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், எங்கள் முறை சனிக்கிழமையோடு சரி.

செவ்வாய்க்கிழமை மதியம் கோஷ்டித் தலைவி போன் செய்தார்.

"டீச்சர், நாளைக்கும் நாளன்னிக்கும் நாங்க வரலீங்க."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க. வரல, அவ்ளோதான்."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா? எங்கேயாச்சும் சாவா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க. வெள்ளிக்கிழமை பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! வேறு வயலுக்குப் போகிறார்கள் என்றாலாவது சண்டை போடலாம். காய்ச்சல் என்றால் பரிதாபப்படலாம். ஒன்றுமே இல்லாமல் 'வரல' என்றால் அதை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வது? நாற்று போகிறதே என்ற கவலையைவிட, அப்படி என்னதான் காரணம் என்ற குடைச்சல் பெரிதாக இருந்தது. சுதந்திரத்தைப் பற்றி மூன்று வாரம் பேசுகிறவளுக்கு, பன்னிரண்டு பேர் இரண்டு நாள் சும்மா வராமல் இருப்பதைப் பொறுக்க முடியவில்லை. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் கோஷ்டியைத் தேடிப் போய்விட்டேன்.

அந்த ஊர்த் தலைவி நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கையை உதறினார்.

"அது அந்த அக்கா நடுற வயலாச்சே. அதுல நாங்க எறங்க மாட்டோங்க."

"கூலி சேத்தே தர்றேன்."

"எம்புட்டுக் குடுத்தாலும் அப்படித்தாங்க. அவங்களால முடியலன்னாத்தான் நாங்க வருவோம்."

அங்கேதான் என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது. "அவங்களுக்கு முடியலதாம்மா. எல்லாருக்கும் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தராத காரணத்தை நானே செய்து கொடுத்தேன்.

அந்தம்மா என்னைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். "ஏங்க்கா, ஒங்க எல்லாருக்கும் காய்ச்சலாமே?"

"யாரு சொன்னா?"

"டீச்சரு எதுத்தாப்புலதான் நிக்கிறாங்க."

அந்தப் பக்கம் போன் கட்டானது. வெள்ளிக்கிழமை வருவார்கள் என்ற நம்பிக்கையும் அதோடு போயிற்று. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது வேறு வேலையாக இருந்தது போலும்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் சேதி அம்மாவுக்கு வந்துவிட்டது. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"நீ பொறந்த மூணாம் நாளு பண்ணைக் காரியக்காரரு நம்ம தெருவுக்கு வந்தாரு. ஏன் நடவுக்கு வரலன்னு கேட்டாரு. புள்ள பொறந்திருக்குன்னு ஒங்கப்பா சொன்னாரு. 'கொண்டாந்து காட்டு'ன்னாரு."

"காட்டினியா?"

"காட்டாம? ஒன்னைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போயி களத்துல வெயில்ல நின்னேன். எட்டிப் பாத்துட்டு, சரி, நாலு நாள் கழிச்சி வான்னாரு." கீரைத் தண்டை முறித்துத் தட்டில் போட்டாள். "இவளுவோ எதையும் யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. வரலன்னா வரல."

நாற்பத்தைந்து வயதில், என் முதல் வெளியுலகப் பயணம் எதற்காக என்று தெரிந்துகொண்டேன். அந்தக் காரியக்காரர் மீது வந்த கோபம், நேராக வண்டியில் அடுத்த ஊருக்குப் போன என் மீதே திரும்பியது. வெட்கமாக இருந்தது. என் மூன்று வாரப் பாடத்தில் இதற்கு இடமே இல்லையே என்றும் யோசித்தேன். தடை இருக்கிறதா இல்லையா என்று அளக்கிறோம். யாருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டாம் என்று ஏன் கேட்பதே இல்லை?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வயலுக்குப் போனேன். வரப்பில் பன்னிரண்டு டிபன் டப்பாக்கள் இருந்தன. அவர்கள் நாற்றங்காலில் இறங்கிப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னது தப்புங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

"அது கெடக்குது டீச்சர். பன்னெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சலா? ஆளுக்கு ஒண்ணா மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் தலைவி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

நாற்று கொஞ்சம் முத்தித்தான் இருந்தது. குத்துக்கு இரண்டு நாற்று கூட வைத்து, பொழுது சாய்வதற்குள் முடித்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஐந்தாறு பேர் கையில் ஒரே மாதிரியான புதுப் பச்சை வளையல்கள். எங்கே வாங்கியவை? கடற்கரையா, கோயிலா, கல்யாணமா? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். இன்று வரை தெரியாது.

அன்று மாலை அம்மா கேட்டாள், "காலேஜுக்கு இன்னிக்கு என்ன சொல்லிட்டு வந்தே?"

விடுப்புப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'தாயாருக்குக் கடும் காய்ச்சல்' என்று எழுதியிருந்ததைச் சொன்னேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப திங்கக்கெழமை என்னைத் தூக்கிட்டுப் போயிக் காட்டணுமா?"