காக்கைக்கு வைத்த சோறு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் இருக்கும் நாங்கள் ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சியரா மலைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் ஏரிகளைப் பார்க்கக் கிளம்பினோம். நான், என் கணவர், அப்போது பதினோரு வயதான எங்கள் மகள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வேனுக்குள்ளேயே உண்டு. கணவர் இரண்டு மாதமாக வேன் பயண வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பிறந்ததிலிருந்தே காட்டில் வளர்ந்தவர் மாதிரி பேச ஆரம்பித்திருந்தார். நானோ குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஐஸ் பெட்டியில் இட்லி மாவு என்று பாதிச் சமையலறையைப் பெயர்த்து எடுத்து வந்திருந்தேன். ஒரு வாரப் பயணத்துக்கு ஊறுகாயில் மட்டும் மூன்று வகை.

இன்னொரு பொருளையும் எடுத்து வைத்திருந்தேன். அப்பாவின் பெயர் வெட்டிய சின்ன எவர்சில்வர் தட்டு. ஒருமுறை இங்கே வந்து தங்கியபோது தனக்கென்று கொண்டுவந்து, எங்களிடமே விட்டுப்போனது. அதற்கு முந்தைய வருடம் அப்பா திருச்சியில் இறந்துபோனார். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் இருந்த சமயம். இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். நான் போகவில்லை. அப்பாவை எடுத்துக்கொண்டு போனதைப் போனில்தான் பார்த்தேன்.

நான் ஒரே பெண், கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதன் பிறகு மாதாமாதம் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதை மட்டும் விடாமல் செய்துவந்தேன். ஆனால் சான் ரமோனில் ஒரு காக்கைகூட அதைத் தொட்டதில்லை. அணில் தின்னும், இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும். காக்கை எடுக்கவில்லை என்றால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்று நம்மில் சொல்வார்கள் அல்லவா? அப்பாவுக்கு என்ன குறை என்று எனக்கு யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு ஏரிகளைப் பார்த்துவிட்டு மூன்றாவது ஏரிக்குப் போனோம். கடைசி எட்டு மைல் மண் ரோடு. வேனுக்குள் பாத்திரங்கள் எல்லாம் கச்சேரி நடத்தின. போனில் சிக்னல் எப்போதோ போய்விட்டிருந்தது. கரையில் மொத்தமே பத்து குடும்பங்கள் தங்கத்தான் இடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மற்ற மாதங்களில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாராம், கோடையில் மட்டும் இங்கே ஒரு டிரெய்லரில் வந்து தங்கிவிடுவாராம்.

அவர் எங்களுக்கு முதலில் காட்டியது ஏரியை இல்லை, ஒரு பெரிய இரும்புப் பெட்டியை. சாப்பிடும் பொருள் எதுவாக இருந்தாலும், பற்பசை உட்பட, அதற்குள்தான் வைத்துப் பூட்டவேண்டும். கரடியால் திறக்க முடியாத பெட்டி. அந்த வருடம் ஒரு இளம் பெண் கரடி சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். காதில் மஞ்சள் வில்லை மாட்டியது. மனிதர்களின் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டதால் ரேஞ்சர்கள், அதாவது வனக்காவலர்கள், ரப்பர் குண்டால் சுட்டு விரட்டினார்களாம். மூன்று வாரமாக இந்தப் பக்கமே வரவில்லை, அது திருந்திவிட்டது என்று தன் பஸ்ஸில் வரும் குறும்புக்காரப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலப் பெருமையாகச் சொன்னார். சாப்பாட்டைப் பூட்டி வைப்பேன் என்று என் மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கரடிப் படம் போட்ட ஒரு பேட்ஜை அவள் சட்டையில் குத்திவிட்டார். அவள் தூங்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

மறுநாள் ஆடி அமாவாசை. காலையில் குளித்துவிட்டு (அந்த ஐஸ் தண்ணீரில் குளித்ததற்கே எனக்குப் புண்ணியம் வரவேண்டும்) சாதம் வடித்து, பருப்பும் நெய்யும் எள்ளும் போட்டுப் பிசைந்து, அப்பா தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அம்மா, நோ! போர்டுல டோன்ட் ஃபீட் எனிதிங்னு போட்டிருக்கு."

"அது கரடிக்குடி. இது காக்காவுக்கு. தாத்தாவுக்கு" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

வேனிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு திருப்பத்தில், தண்ணீர் ஓரமாக ஒரு தட்டையான பாறை. அதன் மேல் தட்டை வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிட்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, பைன் மரத்திலிருந்து ஒரு அண்டங்காக்கை இறங்கியது. நம் ஊர்க் காக்கையைவிட இரண்டு மடங்கு பெரியது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு ஒரு வாய் எடுத்தது. பிறகு இன்னொரு வாய். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒன்றரை வருடத்தில் அப்பா என்னோடு பேசியது போல இருந்தது. காக்கை சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மதியம் போய்ப் பார்த்தபோது ஒரு பருக்கை இல்லை.

அமாவாசையோடு நிறுத்தியிருக்கவேண்டும். சாஸ்திரமும் அவ்வளவுதானே கேட்கிறது? எனக்குத்தான் ஆசை விடவில்லை. மறுநாள் காலையிலும் வைத்தேன், இன்னும் கொஞ்சம் நெய் விட்டு. அன்று தட்டு பாறையிலிருந்து கீழே விழுந்து கிடந்தது, துடைத்து வைத்தது போலப் பளபளவென்று. அப்பாவும் அப்படித்தான், தட்டைக் கழுவவே வேண்டாம் என்கிற மாதிரி வழித்துச் சாப்பிடுவார். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே, சாயங்காலம் மீண்டும் ஒரு பிடி தயிர்சாதம் வைத்துவிட்டு வந்தேன். காக்கை எங்கேயாவது தட்டை நக்குமா என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அதற்கடுத்த நாள் காலையில் தட்டை எடுத்துவரப் போன மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பாறையில் இல்லையாம், புதருக்குள் கிடந்ததாம். விளிம்பு வளைந்து, அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பல் பதிந்த இரண்டு குழிகள். ஈர மணலில் தன் இரண்டு கை அகலத்துக்குக் கால் தடம் இருக்கிறது என்றாள். என்ன செய்வது என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண்ணின் வண்டி எங்கள் வேனுக்கு முன்னால் வந்து நின்றது.

மஞ்சள் வில்லைக் கரடியை எங்கள் பக்கத்துக் கரையில் யாரோ பார்த்திருக்கிறார்கள். யாராவது தெரியாமல் சாப்பாட்டை வெளியே வைத்தீர்களா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. எங்கே தின்றது என்று தெரிந்தால் இன்றைக்கே அந்தப் பக்கத்தில் இருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், ரேஞ்சரை வரச் சொல்லி மறுபடி விரட்டிவிடலாம், இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார்.

என் கணவர் அவரைப் பார்த்துச் சிரித்த முகத்தோடே, தமிழில் என்னிடம் சொன்னார்: "ஒண்ணும் சொல்லாத. ஃபைன் டிக்கெட் குடுத்து ரெக்கார்டுல ஏத்திட்டாங்கன்னா கிரீன் கார்டு ஃபைல்ல போய் நிக்கும்."

அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு அதே பயம்தான். பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. அப்பாவின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்காமல் காப்பாற்றி வைத்த விண்ணப்பம். மகளைப் பார்த்து நான் கண்ணைக் காட்டினேன். அவள் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நாங்கள் எதையும் வெளியே வைக்கவில்லை, எல்லாம் பெட்டியில்தான் இருக்கிறது" என்று நான் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் நன்றி சொன்னார். மகளின் பேட்ஜைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்.

அன்று நான் சோறு வைக்கவில்லை. மதியம் மூன்று மணி இருக்கும், எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு அலறல். மீன் பிடித்துவிட்டு வந்து ஒருவர் கூடாரத்துக்குள் படுத்திருந்தார். பாறையில் ஒன்றும் கிடைக்காத கரடி நேராக அங்கே போய்க் கூடாரத்தைக் கிழித்துவிட்டது. எல்லோரும் ஓடினோம். என் கணவர் குக்கர் மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு கத்தினார். கரடி ஓடிவிட்டது. படுத்திருந்தவர் தோளில் நகம் கிழித்த நீளமான காயம். ஆழமில்லை, பிழைத்தார். ஆனால் கை ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் கழுத்து. அதை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

மனிதர் மேல் கை வைத்த கரடிக்கு மறு வாய்ப்புக் கிடையாதாம். ரேஞ்சர்கள் வந்தார்கள். சூரியன் மறைவதற்கு முன் ஏரிக்கு அப்பால் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மகள் வேனுக்குள் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்தப் பெண் எல்லா இடத்துக்கும் வந்து விஷயத்தைச் சொன்னார். கண்கள் வீங்கியிருந்தன. மூன்று வயதுதான் அதற்கு என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சாரி" என்று மட்டும் சொன்னேன். அதை அவர் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் வேனைக் கிளப்பும்போது பார்த்தேன், மகளின் பேட்ஜ் வெளியே மர மேஜை மேல் கிடந்தது. இன்னும் பார்க்கவேண்டிய ஏரிகள் இரண்டு மிச்சம் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சென்ற வருடம் கிரீன் கார்டு வந்தது. நண்பர்கள் கேக் வாங்கி வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அமாவாசை, காக்கை, அப்பா, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி, மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுதாகப் படித்தாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், அன்று மட்டும் தமிழில் கேட்டாள்.

"கார்டு வந்துடுச்சுன்னுதானே இப்ப எழுதற?"

கடிதத்தை அனுப்பினேன். அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது, இதுவரை பதில் வரவில்லை. வளைந்த அந்தத் தட்டில்தான் இப்போதும் அமாவாசைக்குச் சோறு வைக்கிறேன். காக்கை வந்தாலும் வராவிட்டாலும் பக்கத்திலேயே நின்றிருந்து, கையோடு தட்டை உள்ளே எடுத்து வந்துவிடுகிறேன். அப்பா என்னை மன்னித்தாரா என்ற கேள்வி இப்போது எனக்குள் எழுவதில்லை. என் கண்ணசைவுக்குக் கட்டுப்பட்டுத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்த பதினோரு வயதுப் பெண்ணிடம், உண்மை கொஞ்சம் விலை கேட்ட அந்த ஒரு காலையில் நான் என்ன கற்றுக்கொடுத்தேன் என்பதுதான் இன்றுவரை என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.