மூன்று பத்து

இரண்டாவது பிள்ளை பிறந்த ஆறாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மெர்டேக்கா வரப்போகிறது, நாட்டுக்குச் சுதந்திரம் என்று எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்க ஒரே பேச்சு. எந்தத் தெருவில் கொடி கட்டுகிறார்கள் என்று என் கணவர் வந்து வந்து சொல்வார். யார் கொடி ஏறினால் எனக்கென்ன? மார்பு இரண்டும் இறுகிப்போய், காய்ச்சல் கொதித்து, உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பிள்ளை வாய் வைக்கும், பிடி கிடைக்காமல் வழுக்கும், வீறிடும். விடிந்ததிலிருந்து அதன் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

மூத்தவனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கட்டின பால் அப்படியே வற்றிவிட்டது. டின் பால் கலக்கிக் கொடுத்தோம். வயிற்றுப்போக்கு கண்டு இரண்டாம் மாதமே போய்விட்டான். மறுபடியும் டின்னைத் திறக்க விடமாட்டேன் என்று அன்று காலையிலிருந்து எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா பிள்ளையின் அழுகையைக் கேட்டு வந்தார். சாமி கும்பிடுவதில் எங்களையெல்லாம் மிஞ்சிவிடுவார், ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மறந்துபோன வம்சம், வாயைத் திறந்தால் மலாய்தான். என் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாரோ பத்து" என்று சொல்லி, வந்த வேகத்தில் தன் வீட்டுக்கு ஓடிவிட்டார்.

தாரோ என்றால் போடு. அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பத்துதான் எங்களைக் குழப்பியது. எங்கள் வீட்டில் ஐஸுக்குப் பத்து என்று பெயர். ஆயர் பத்து என்று முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை? என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பசாருக்குப் பறந்தார். பிள்ளைப்பேறு பார்க்க எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்கோ பத்து என்றால் அரைத்துப் போடுகிற சுக்குப் பத்துதான். மலாய் பேசுகிறவளுக்கே இது தெரிந்திருக்கிறது பார் என்று பூரித்துப்போய் அம்மியில் உட்கார்ந்துவிட்டார்.

வேண்டாம் என்றேன். மூத்தவனுக்குப் பால் கட்டினபோதும் அவர்தான் பத்து போட்டார். அதை நான் மறக்கவில்லை. கேட்டாரா? சூடாக அப்பிவிட்டார். முதலில் எரிந்தது, காயக் காயத் தோலைப் பிடித்து இழுத்தது. கட்டிலைவிட்டு இறங்கி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போய்விட்டது.

அப்போது என் கணவர் சாக்கில் சுற்றின ஐஸோடு வந்து நின்றார். வெயிலில் பாதி கரைந்து, மரத்தூளும் தண்ணீருமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நாத்தனார் பதறிக் குறுக்கே வந்தார்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு ஐஸா? ஜன்னி கண்டுரும்டா. நான் போட்ட பத்தே போதும்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"உங்க பத்தாலதான் அண்ணி என் மொத புள்ள போச்சு. நீங்கதான் கொன்னீங்க."

அவர் கையில் ஒட்டியிருந்த சுக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பத்தை வழித்தெறிந்துவிட்டு, ஐஸைத் துணியில் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டேன். ஜன்னி வந்தால் வரட்டும். கொஞ்ச நேரத்தில் அந்தக் குத்தல் மரத்தது. பாறையாக இருந்தது சற்று இளகியது மாதிரி இருந்தது. ஆனால் பால் வரவில்லை.

செட்டி அக்கா திரும்பி வந்தபோது அவர் கையில் தணலில் சுட்டுத் துணியில் பொதிந்த ஒரு கருங்கல். கல்லுக்கும் மலாயில் பத்துதான். தரையில் ஐஸ் தண்ணீர், என் மேல் சுக்கு. பார்த்தார், விஷயம் புரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லின் சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அக்குளிலிருந்து கீழாக மெல்ல மெல்ல ஒத்தி எடுத்தார். பால் சொட்டியது. பிறகு சேலை நனைந்தது. பிள்ளையைத் தூக்கி வைத்தேன். பிடித்துக்கொண்டது.

ஐஸ்தான் வீக்கத்தை வாங்கியது என்பார் என் கணவர். கல் என்பார் செட்டி அக்கா. எதுவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுப்படி வாசலில் நாத்தனார் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"குடிக்குதா புள்ள?"

நான் பிள்ளையின் பக்கமே குனிந்துகொண்டேன். பிள்ளை மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

முப்பது நாளும் அவர்தான் எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டார், பிள்ளையைக் குளிப்பாட்டினார். கோபத்தில் சொல்லிவிட்டேன் அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாள் ஓடியது. பஸ் ஏற்றிவிடப் போன அன்றும் எனக்கு வாய் வரவில்லை. என் மூத்தவனைக் கொன்றவள் என்ற சொல்லோடுதான் அவர் எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போனார்.