இரண்டு வெற்றிலை மடிப்பு

பம்பாய் செம்பூரில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கபாடிவாலி. பழைய இரும்பு, ஓட்டை டப்பா பொறுக்குகிறவள் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் லிப்ட்டில் இறங்கினால் வாட்ச்மேனிலிருந்து சொசைட்டி செக்ரட்டரி வரைக்கும் ஒரு இளிப்பு. இளிக்கட்டும். ஜிம்முக்குச் சந்தா கட்டி இரும்பைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைக்கிறவனை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. மணலில் பழைய காசு தேடுகிற நான் மட்டும் பைத்தியமா?

ஜுஹு கடற்கரையில் என் கம்மல் ஒன்று தொலைந்த எரிச்சலில் வாங்கிய மெஷின் அது. கம்மல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் ராஜா தலை போட்ட செம்புக் காசு, நடுவில் ஓட்டை உள்ள பழைய காசு, மெட்டி, துருப்பிடித்த பூட்டு என்று என்னென்னவோ கிடைத்தன. ஒருமுறை பெயர் பொறித்த கல்யாண மோதிரம். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி, போனில் படம் அனுப்பி, உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம், என்ன செய்ய.

எதிர்வீட்டு அக்காவுக்கு இது தீராத வேடிக்கை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, வாய் நீளம். நான் திரும்பி வரும் நேரம் பார்த்துக் கதவைத் திறப்பாள்.

“என்னடி, புதையல் கிடைச்சுதா?”

“சோடா மூடிதாங்க்கா.”

“நல்லவேளை. கிடைச்சிருந்தா எங்களையெல்லாம் மதிப்பியா நீ?”

அவள் புருஷன் அப்படி இல்லை. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தாராவியில் பிறந்து திருநெல்வேலிப் பேச்சில் வளர்ந்தவள், அதனால் அவரை அண்ணாச்சி என்பேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. பழைய டூத் பிரஷும் பூதக்கண்ணாடியும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். எந்தக் காசைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

அந்த அண்ணாச்சிக்குத்தான் நெஞ்சில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். மாஹிமில், கடலுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் மறுநாள் என்று பேச்சு. அதற்கு முதல்நாள் ஆடிப்பெருக்கு.

அக்கா ஆடிப் பதினெட்டை விடமாட்டாள். ஊரில் என்றால் காவிரிக்கரையில் தாலிக் கயிறு மாற்றி, பழைய கயிற்றைப் பூவோடு ஆற்றில் விடுவார்கள். பம்பாயில் காவிரிக்கு எங்கே போவது? கடல்தான் அவளுக்குக் காவிரி. அன்று காலை குளித்து, பழைய கயிற்றிலிருந்து தங்கத்தை உருவினாள். கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது என்று மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பொட்டுத் தாலியையும் ஒரு வெற்றிலையில் வைத்து மடித்தாள். அது புதுக் கயிற்றில் கோத்து அண்ணாச்சி கையால் கட்டிக்கொள்வதற்கு. பழைய கயிற்றையும் பூவையும் இன்னொரு வெற்றிலையில் மடித்தாள். அது கடலில் விடுவதற்கு. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக்கில்லை, இன்று சாயங்காலமே ஆபரேஷன், உடனே வாருங்கள் என்று.

இரண்டு மடிப்பையும் பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடித்திருக்கிறாள். வழியில் மாஹிம் கரையில் இறங்கி, கும்பிட்டு, ஒரு மடிப்பைக் கடலில் வீசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பணம் கட்டுவது, கையெழுத்துப் போடுவது என்று மத்தியானம்வரை அலைந்துவிட்டு, வார்டு வாசலில் நின்று மற்ற மடிப்பைப் பிரித்தாள். உள்ளே பழைய கயிறும் வாடின பூவும்.

வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன் நான். போனை எடுத்தால் அழுகை மட்டும் வந்தது. அண்ணாச்சிதான் போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

“அக்கா, அழாதிய. என்னன்னு சொல்லுங்க.”

“தாலியைக் கடல்ல போட்டுட்டேன்டி. என் கையாலயே போட்டுட்டேன். அவர் இன்னைக்கு உள்ள போறார். பாவி நான், என்ன காரியம் பண்ணிட்டேன்.”

“அண்ணாச்சிக்குத் தெரியுமா?”

“தெரியாது. சேலையை இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கறேன். உன் மெஷினை எடுத்துக்கிட்டு வா. உன் கால்ல விழறேன்.”

கபாடிவாலி மெஷின் இப்போது தேவைப்பட்டது. குத்திக்காட்டுகிற நேரமா அது? “எங்கன போட்டீய? அடையாளம் சொல்லுங்க” என்றேன். படி இறங்குகிற இடத்துக்கு நேர் எதிரே, தண்ணீர் மேலே ஏறியிருந்தது என்றாள். ஒரு பொட்டு ஓரத்தில் நசுங்கியிருக்கும், குக்கர் மூடி விழுந்து நசுங்கினது, நெருப்பில் காட்டக்கூடாது என்று தட்டானிடம் கொடுக்கவில்லை. இதையெல்லாம் அழுகைக்கு நடுவே சொன்னாள்.

லேப்டாப்பை அப்படியே மூடினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தாராவி சிக்னலில் டாக்ஸி நின்றது நின்றதுதான். “பய்யா, ஜல்தி” என்று நான் கத்த, அவர் கையை விரித்து முன்னால் நின்ற பஸ்ஸைக் காட்டினார். பிறந்து வளர்ந்த தாராவியை அன்று வாயில் வந்தபடி திட்டினேன். போனில் அலை நேரம் பார்த்தேன். தண்ணீர் இறங்கி முடியப்போகிறது. அது திரும்பி ஏறுவதற்குள் எடுத்தால்தான் உண்டு. ஆடி மாதத்துக் கடல் ஒருமுறை புரண்டால் எதை எங்கே கொண்டுபோய்ப் புதைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கரையில் இறங்கி மெஷினை ஆன் செய்தேன். உப்புத் தண்ணீர் ஊறிய மணலில் அது சும்மாவே கீச்சிடும். போதாததற்கு, சின்னத் தங்கத்துக்கும் சிகரெட் பெட்டி ஈயத்தாளுக்கும் அதன் காதில் ஒரே சத்தம். குப்பைச் சத்தத்தை அடக்கி வைக்கலாம், ஆனால் அடக்கினால் தங்கமும் அடங்கிவிடும். அதனால் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் குனிந்து தோண்டினேன். ஆணி. ஈயத்தாள். ஆணி. மீன் வலையின் ஈயக் குண்டு. சாமிக்கு யாரோ போட்ட ஐந்து ரூபாய்.

ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார். இந்த ஊரில் மெஷினோடு மணலைக் கிளறினால் வெடிகுண்டு நினைப்புதான் முதலில் வரும். “க்யா டூண்ட் ரஹீ ஹோ?” என்ன தேடுகிறாய் என்று அதட்டினார்.

“மங்கள்சூத்ர, சாஹேப். பதி கா ஆபரேஷன் ஹை ஆஜ்.”

தாலி, புருஷனுக்கு இன்று ஆபரேஷன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை லத்தியால் தூர விரட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். யாருடைய புருஷன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. “கிடைச்சுதா?” “இல்லக்கா, தேடுதேன்.” “ஊசி போட்டாச்சு.” “தேடுதேன்க்கா.” “ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சுடி.” போனைப் பையில் போட்டுவிட்டுத் தோண்டினேன். தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்து, முழங்காலுக்கு வந்து, நான் தோண்டின குழிகளையெல்லாம் மூடிவிட்டது. ஒரு வெறும் வெற்றிலை மட்டும் மிதந்து வந்தது. அதைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அலையில் நின்றுகொண்டே, அங்கே இருந்த எல்லா சாமியையும் மரியாதை இல்லாமல் பேசினேன். கான்ஸ்டபிள்தான் வந்து “பஸ், தாயி”, போதும் அக்கா என்று கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

நனைந்த துணியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சியை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அக்கா என் வெறும் கையைப் பார்த்தாள். கழுத்தில் இருந்த மஞ்சள் கிழங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு ஏதாவது ஆனால், இவள் சாகும்வரை தன் கையைத்தான் சபிப்பாள் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்ததைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது அக்கா அவர் காலில் விழப்போக, அவர் பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார். அண்ணாச்சி கண் விழித்து நாலைந்து நாள் கழித்து அக்காவே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தையல் வலியையும் மீறிச் சிரித்தாராம். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குள் ஒரு கணக்கு தீர்மானமாகிவிட்டது.

“கடலம்மா அதை வாங்கிக்கிட்டு இவரைத் திருப்பிக் கொடுத்துட்டா. நான் தெரியாம போடலைடி. அவதான் கேட்டு வாங்கியிருக்கா.”

“சரிக்கா. புதுசா ஒண்ணு செஞ்சு போட்டுக்கிடுங்க.”

“வேண்டாம். இந்த மஞ்சக் கிழங்கே போதும். நீ ஒரு சத்தியம் பண்ணு. இனிமே அதைத் தேடக்கூடாது. கொடுத்ததைத் திரும்ப வாங்கினா, அவளும் கொடுத்ததைத் திரும்பக் கேட்பா.”

பைத்தியக்காரத்தனம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அது விளையாட்டு இல்லை. அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அதன்பிறகு ஜுஹு போனேன், அக்ஸா கடற்கரைக்குப் போனேன், மாஹிம் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை.

தீபாவளி கழிந்தது. ஒரு செக்கப்புக்காக அவர்கள் இருவரையும் நான்தான் என் காரில் அழைத்துப் போனேன். டெஸ்ட் முடிந்து ரிப்போர்ட் வர நேரமாகும் என்றார்கள். வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி என் காதருகே, “டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரும்மா. டிக்கியில மெஷின் இருக்குல்ல?” என்றார்.

“மாஹிம் வேண்டாம் அண்ணாச்சி. சத்தியம் பண்ணிருக்கேன்.”

“அதைத் தேடக்கூடாதுன்னுதானே சத்தியம்? அது அந்தப் படிக்கட்டுப் பக்கம். நாம இந்தப் பக்கம் காசு தேடுவோம்.”

பல மாதமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த மனுஷர். கேட்டபோது மறுக்க மனசு வரவில்லை. கரைக்குப் போனோம். மழைக்காலம் முடிந்து கடல் மணலை ஆழமாக அரித்து இழுத்திருந்தது. ஓர் இடத்தில் பள்ளம் விழுந்து, வலையின் ஈயக் குண்டுகள் நிறையக் கிடந்தன. கனமான சாமான்களைக் கடல் இப்படித்தான் ஒரு மூலையில் ஒதுக்கும். அங்கே மெஷினை ஆட்டினேன். தணிவாக ஒரு சத்தம். ஈயத்தாள் என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சிக்கு வேடிக்கை காட்டத் தோண்டினேன்.

பொட்டு. ஓரத்தில் நசுங்கின பொட்டு.

தங்கத்துக்குத் துருவும் கிடையாது, பாசியும் கிடையாது. நேற்றுக் கழற்றி வைத்ததுபோல் உள்ளங்கையில் பளபளவென்று கிடந்தது. கையை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

“காட்டு.”

காட்டினேன். அண்ணாச்சி அதை வாங்கி, பழக்கம் விடாமல், முகர்ந்து பார்த்தார். பிறகு நசுங்கின இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கட்டிய தாலி. எத்தனையோ வருஷம் அவள் கழுத்தில் கிடந்தது.

“கொடுத்துருவோம் அண்ணாச்சி” என்றேன். “உடையவங்களுக்குக் கொடுக்காம இருந்தா என்னால முடியாது. அக்காவை நான் சமாளிச்சுக்கிடுதேன்.”

“என்ன சொல்லிச் சமாளிப்பே?”

நான் மெஷினை அணைத்துக் கீழே வைத்தேன்.

“இப்ப ராத்திரியில நல்லா தூங்கறா” என்றார் அவர். “ஆபரேஷன் முடிஞ்சு வந்த புதுசுல, நடுவுல எழுந்து என் மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பார்ப்பா. இந்தக் கடலம்மா கதையை நம்பின பிறகுதான் அதை விட்டா. இதை அவ கையில கொடுத்தா, மறுபடியும் விரலை வைக்க ஆரம்பிச்சிருவா. நான் இருக்கற வரைக்கும் அவளுக்கு அந்த விரல் மட்டும் நிக்காது.”

“அதுக்குன்னு தங்கத்தைக் கடல்லயா போடுவாங்க? இது நியாயமா?”

“நியாயம் இல்லைதான்.” பொட்டை என் கையில் திரும்ப வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “நெஞ்செலும்பு இன்னும் சரியா கூடலையாம், கையை வீசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீயே வீசும்மா. தூரமா வீசு.”

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. அன்றைக்கு இந்தக் கடலிடம் இதைத்தான் கெஞ்சிக் கேட்டேன். கொடுக்கவில்லை. வேண்டாம் என்ற பிறகு கொண்டுவந்து நீட்டுகிறது. வந்த ஆத்திரத்தில் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, என் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வீசினேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கண்டெடுத்துக் கடலுக்கே திருப்பிக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான். திரும்பிப் பார்த்தபோது அண்ணாச்சி கண்ணை மூடி நின்றிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா ரிப்போர்ட் பைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. “எல்லாம் நல்லா இருக்காம். டாக்டரே சொல்லிட்டார். நீங்க ரெண்டு பேரும் எங்க ஊர் சுத்தப் போனீங்க?” என்று கேட்டவள், நனைந்த என் காலைப் பார்த்துவிட்டாள். அவள் கை தானாகக் கழுத்து மஞ்சளுக்குப் போனது. “மெஷினை எடுத்துக்கிட்டா போனே? என்னடி கிடைச்சுது?”

வாயைத் திறந்தேன்.

“சோடா மூடி” என்றார் அண்ணாச்சி.

அக்கா மூச்சை விட்டாள். “நல்லவேளை” என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, “குப்பையைத் தொடாதே தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு” என்று திட்டிக்கொண்டே, உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தன் முந்தானையால் ஒரு துகள்கூட விடாமல் துடைத்தாள்.